எதிரே உட்காராத குமாஸ்தா

சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் குமாஸ்தாவைப் பார்த்து முதலில் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, "இங்கதாங்க அடிபட்டது" என்று தோளையோ காலையோ தொட்டுக் காட்டியதும் மனிதர் எழுந்துவிடுவார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, வந்தவருக்குப் பின்னால் நின்று, அவர் பார்க்கிற பக்கமே தானும் பார்ப்பார். தன் தோளைத் தானே தட்டி, "இந்தப் பக்கம்தானே?" என்று கேட்பார். ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவார். ஒருமுறை கப்பற்படையில் இருந்த ஒருவர், "ஏன் சார் பின்னாடி வந்து நிக்கறீங்க? பர்ஸ அடிக்கப் போறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். "அடிச்சா அதுல என்ன இருக்கப் போகுது, நீங்களும் என்னை மாதிரிதானே" என்று சொல்லிவிட்டு இவர் பாட்டுக்கு எழுதினார்.

இந்தப் பழக்கத்துக்கு வயது மூன்றுதான். அதற்கு முன் முப்பது வருஷம் எல்லாரையும் போல எதிரே உட்கார்ந்து எழுதியவர்தான் அவரும். வயசான காலத்தில் ஒரு மனுஷனுக்குப் புதுப் பழக்கம் சும்மா வந்துவிடாது. அதைச் சொல்வதற்கு முன் சங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

'போர்வீரர் துணைச் சங்கம்' என்ற பலகை ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் தொங்குகிறது. இரண்டு அறைகள், ஒரு இரும்பு அலமாரி, சுவரோரம் நீளமாக ஒரு மர பெஞ்ச். தையல் கடை குமாஸ்தாவின் மனைவியுடையது. "கீழ நான் தைக்கறேன், மேல இவரு கிழிக்கறாரு" என்று அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்வாள்.

போர் முடிந்த மறு வருஷம் பிறந்த சங்கம் இது. காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை அட்டை கொடுக்க அரசாங்கம் ஒரு அலுவலகம் திறந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கவுண்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்: நாளைக்கு வா. கட்டைக்கால் வைத்தவனும் நாளைக்கு வா, கண் போனவனும் நாளைக்கு வா. போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஒரு பெண் தன் சொந்தக் காகிதத்துக்காக ஒருநாள் அங்கே போயிருந்தாள். வலது கை போன ஒருவரிடம் அந்த ஆள், "கையெழுத்து இல்லாம எப்படி வாங்குவே?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் அந்தக் கையில்லாதவர் பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை, சும்மா நின்றாள். கத்தினவன் குரல் பாதியாகக் குறைந்தது. கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுத்தான். அடுத்தவர் பக்கத்திலும் போய் நின்றாள். சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கு அட்டை கிடைத்துவிட்டது.

"தனியா போனா கெஞ்சணும். ரெண்டு பேரா போனா கேக்கலாம்" என்று அவள் அன்றைக்கு அந்த அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாளாம். அதுதான் சங்கம் பிறந்த கதை. பிறகு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, செத்துப் போனவன் வீட்டுக்குக் காகித வேலை செய்து கொடுப்பது என்று வேலைகள் சேர்ந்தன. ஆனால் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிற சட்டம் ஒன்று மட்டும்தான்: 'கவுண்டருக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது.' அந்த அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பழைய பெஞ்சைத் தெருவில் போட்டார்கள். ஆறு பேர் தோளில் தூக்கி வந்து மாடி ஏற்றினார்கள். அந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்பது கால்தான் இருந்தது என்று ஆம்புலன்ஸ் அக்கா இப்போதும் சிரிப்பாள். ஆமாம், அவள்தான் இன்றும் தலைவி. வயது எழுபத்தாறு. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பாள்.

இனி நம் ஆள். இருபத்தொரு வயதில் படைக்குப் போனவர். கையெழுத்து அழகாக இருந்ததால் துப்பாக்கிக்குப் பதில் பேனாவைக் கொடுத்துப் போர்முனை ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். போருக்குப் பிறகு குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. சங்கத்திலும் குமாஸ்தா. சொந்தப் பெயர் மனைவிக்கே மறந்திருக்கும். விண்ணப்பம் எழுதுவதில் மனிதர் புலி, சும்மா சொல்லக்கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். "நாம பேசக் கூடாது, பேப்பர் பேசணும்" என்பார். பேப்பர் பொருந்தவில்லை என்று அரசாங்க அலுவலகம் திருப்பி அனுப்பியவர்கள் வந்தால், பேரேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'காகிதம் பொருந்தவில்லை' என்று எழுதி, "பேப்பர்ல இல்லன்னா நான் என்னங்க பண்றது?" என்று அனுப்பிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தப்பான விண்ணப்பம் ஒன்றுகூடத் தன் மேசையைத் தாண்டிப் போனதில்லை என்ற கர்வம்.

அவருடைய உயிர் நண்பன் பீரங்கி. பீரங்கிப் படையில் இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். குரலைக் கேட்டால் வேறு காரணம் தேவையில்லை என்று தெரியும். காது பாதி மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் ரகசியம் பேசுவார். அடுத்த தெருவில் சைக்கிள் கடை. தினமும் பத்து மணிக்கு மாடியேறி வந்து, குமாஸ்தாவோடு ஒரு டீ குடித்துவிட்டு, நாலு வசவு வைதுவிட்டுப் போவார்.

அந்த மாடிப்படிதான் முதலில் எதிரியானது. போரில் வலது முழங்காலில் குண்டுச் சிதறல் பாய்ந்தவர் பீரங்கி. நாற்பது வருஷம் அந்தக் கால் எப்படியோ ஓடியது. பிறகு மடக்க முடியவில்லை. முட்டியை மாற்ற வேண்டும் என்றார்கள். போர்க்காயம் என்று நிரூபித்தால் படை ஆஸ்பத்திரியில் செய்வார்கள், இல்லையென்றால் வழியே இல்லை. குமாஸ்தா விண்ணப்பம் எழுதினார், துணைக்குப் போனார். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் எழுதினார், மறுபடியும் போனார்கள். ஆவணத்தோடு பொருந்தவில்லை, இது வயசானதால் வந்த தேய்மானம் என்றார்கள். மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர், "தழும்பு சைக்கிள்ல இருந்து விழுந்தாலும் வரும் பெரியவரே" என்று வேறு சொன்னார். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. காகிதம் இருக்கும்போது காலை யார் பார்ப்பார்கள்?

"அப்படி என்னதான் எழுதியிருக்காங்க, நகல் கொடுங்க" என்று குமாஸ்தா கேட்டு வைத்தார். ஒரு திங்கட்கிழமை தபாலில் வந்தது. பீரங்கி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக் கூடாரத்துச் சீட்டின் நகல் அது. பீரங்கியின் படை எண், தேதி, அதன் கீழே, 'குண்டுச் சிதறல், முழங்கால், இடது.' அடியில், எழுதியவர் என்ற இடத்தில் சுழித்துப் போட்ட ஒரு சின்னக் கையெழுத்து.

அந்தச் சுழியைப் பார்த்ததும் குமாஸ்தா தாளைச் சட்டென்று மடித்தார். அவருடைய சுழி.

"என்னடா போட்டிருக்கான்?"

"இடதுன்னு இருக்குடா. ஏதோ ஆபீஸ் தப்பு. நான் பாத்துக்கறேன்."

"எவன்டா அந்த எழுதினவன்? கையில மட்டும் கெடைக்கட்டும், செயின்ல மாட்டி பெடல மிதிக்கறேன்" என்று தெருவுக்கே கேட்க முழங்கிவிட்டு, பீரங்கி படிக்கட்டில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப் போனார். குமாஸ்தா டீயைத் தொடவில்லை.

கீழே கடைக்குப் போய் நின்றவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" அவர் சீட்டைக் காட்டினார். அன்றைக்கு எப்படியோ ஒரு எழுத்து மாறியிருக்கும், கைத்தவறு என்றார்.

"எங்க உட்காந்து எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

"கட்டிலுக்குக் கால்மாட்டுல. டாக்டர் காயத்தைத் தொட்டுக் காட்டுவார். நான் பாத்து எழுதுவேன்."

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "எதிர்ல நின்னு அளந்தா அவங்க வலது நம்ம இடதுங்க. தையல் கத்துக்க வர்ற புது ஆளுங்க எல்லாம் முதல்ல பண்ற தப்பு இதுதான். ஒரு சட்டையோட நிக்காது. யாராவது தலையில குட்டற வரைக்கும் எல்லாச் சட்டையும் அப்படித்தான் வரும்."

குமாஸ்தா ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையில் குட்டியது யார் என்று அவருக்கு நினைவு வந்தது. கூடாரத்துக்குப் போன மூன்றாவது வாரக் கடைசியில் தலைமை நர்ஸ் ஒருத்தி, "தம்பி, நோயாளியோட வலது, உன்னோட வலது இல்ல" என்று அன்றைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திட்டினாள். அன்றைய சீட்டை அவர் திருத்தினார். அதற்கு முந்தியதையெல்லாம் நாளைக்குத் திருத்தலாம் என்று நினைத்தார். மறுநாள் கூடாரத்தைப் பிரித்து இடம் மாற்றினார்கள், சீட்டுக்கட்டு வேறு எங்கேயோ போனது. இருபத்தொரு வயசு. உயிரோடு திரும்பினால் போதும் என்று இருந்த காலம். அப்படியே மறந்தும் போனார்.

"அப்போ உங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் மனைவி. கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

நாளைக்கு நாளைக்கு என்றதற்காகக் கவுண்டர்காரனை மட்டும்தான் உலகம் வைதது. நம் ஆளும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார், தனக்குத்தானே.

மேலே போய்ப் பேரேட்டைத் திறந்தார். 'காகிதம் பொருந்தவில்லை' என்று தன் கையால் எழுதிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த மூன்று வாரத்தில் அந்தக் கூடாரத்துக்கு வந்தவர்கள் பீரங்கியைத் தவிர ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "பேப்பர்ல இல்லன்னா நான் என்னங்க பண்றது?" என்று கேட்டு அனுப்பியவர் அவரேதான். மனிதருக்கு அழுகை வந்தது. அழுதார்.

மறுநாள் காலை நேராகச் சைக்கிள் கடைக்குப் போனார். பீரங்கி ஒரு சக்கரத்தைத் தலைகீழாக மாட்டிச் சுற்றிக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா முழுதையும் சொன்னார். மெதுவாகச் சொன்னால் கேட்காது என்பதால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

சக்கரம் சுற்றி நின்றது. "அந்த டாக்டர் எத்தனை தடவ என்னைப் பொய்யன்னு பாத்தான்?" என்று பீரங்கி கேட்டார். அவர் அத்தனை மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையும் பக்கத்துல நின்னது யாரு?"

"நான்தான்டா."

"போயிடு."

குமாஸ்தா போய்விட்டார். அன்று பத்து மணிக்குப் பீரங்கி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிளாஸ் இரண்டும் கவிழ்த்தபடியே இருந்தன.

ஆம்புலன்ஸ் அக்காவிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். அவள் படித்தாள், நாலாக மடித்தாள், ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். "கையெழுத்து நல்லா இருக்கு தம்பி. இதே கையால போய் அந்த ஆபீஸ்ல உண்மைய எழுதிக் கொடு. பத்து பேருக்கும். அவங்க உன்ன நம்பலாம், நம்பாமலும் போகலாம். நம்பலன்னா உன் பேரும் போகும், நம்ம சங்கத்துப் பேரும் சேந்து போகும். போனாப் போகுது. யாரத் துணைக்குக் கூட்டிட்டுப் போற?"

"பாத்துக்கறேன் அக்கா" என்றார்.

யாரைக் கூப்பிடுவது? நான் தப்பு செய்தேன், பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? எல்லாத் தாளையும் எழுதி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் மீறாத சட்டத்தை மீறி, பீரங்கி முறைத்துக்கொண்ட பதினோராம் நாள் தனியாகவே கிளம்பினார்.

புதுக் கட்டடம், டோக்கன், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பையன்தான். தாளை இரண்டு தடவை படித்தார்.

"நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு வந்து நான்தான் தப்பா எழுதினேன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"இந்த முழங்கால் கேஸ் உங்க நண்பர். ரெண்டு தடவ நீங்களே துணைக்கு வந்திருக்கீங்க. ரெண்டு தடவையும் நடக்கல. இப்போ மூணாவதா இந்தக் கதை."

"கதை இல்ல சார்..."

"கோவிச்சுக்காதீங்க. நண்பனுக்காகப் பொய் சொல்றவங்கள நான் தினமும் பாக்கறேன். உங்க சங்கத்துப் பேப்பர்னா இங்க தனி மரியாதை. அத ஏன் கெடுத்துக்கறீங்க?"

முப்பது வருஷம் பல நூறு பேருக்குப் பேசிய வாய், தனக்கென்று வந்தபோது ஒட்டிக்கொண்டது. 'பேப்பர் பேசணும்' என்பாரே, பேப்பர் பேசிவிட்டது, நம்பத்தான் ஆள் இல்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெஞ்சுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்போது பின்னால் தடியூன்றுகிற சத்தம் கேட்டது. டோக்கன் வரிசையில் இருந்தவர்கள் விலகினார்கள். பீரங்கி நொண்டி நொண்டி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். குமாஸ்தாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ எப்படிடா...?"

"உன்கிட்ட பேசல நான்" என்று பீரங்கி முழங்கினார். கட்டடமே திரும்பிப் பார்த்தது. "சார், இந்த ஆளும் நானும் பேசறதில்ல. இன்னையோட பதினோரு நாளாச்சு."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் அந்த முழங்காலா?"

"நான்தான். இவன் எழுதின எழுத்தால ரெண்டு தடவ பொய்யன் ஆனவன். கண்ணெதிர்ல பாத்தா பத்திக்கிட்டு வருது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"துணைக்கு" என்றார் பீரங்கி. "எங்க சங்கத்துல கவுண்டருக்கு யாரும் தனியா போகக் கூடாது. அக்கா சொல்லித்தான் தெரியும், இந்தக் கழுதை தனியா கெளம்பிடுச்சுன்னு. மூணு பஸ் மாறி வந்திருக்கேன், இந்தக் காலோட."

அதிகாரி தாளை மறுபடி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லச் சேர்ந்து வருகிறவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். இப்படிக் கடித்துக் குதறுகிற மாதிரி யாரும் வந்ததில்லை. முத்திரையை எடுத்தார். "மறுபரிசோதனைக்கு அனுப்பறேன். இந்தத் தடவ எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதறேன். அந்த ஒன்பது பேரோட விவரத்தையும் கொடுங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். முதல் பஸ் போனது. இரண்டாவதும் போனது. பீரங்கி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லணுமில்ல?"

"சொல்லணும்டா."

"தனியா போனா அடிச்சே போட்டுடுவானுங்க. ஞாயித்துக்கெழமை கடை லீவு. வரேன்." ஒரு நிமிஷம் கழித்து, "டீ வாங்கிக் கொடு. பதினோரு நாளு பாக்கி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாகப் போய்வந்தார்கள். ஒன்பதில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் குமாஸ்தா பட்டபாடு வேறு. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு, "அவரு கடைசி வரைக்கும் தன்னையே சந்தேகப்பட்டாருங்க, எந்தத் தோளுன்னு" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். மிச்சம் ஏழு பேரில் ஒருவர் கன்னத்தில் ஒன்று வைத்தார். பீரங்கி தடுக்கவில்லை. பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். ஏழும் தேறியது.

பீரங்கியின் எக்ஸ்ரேயில் வலது முட்டிக்குள் அரிசி அளவில் மூன்று இரும்புத் துண்டுகள் இருந்தன. நாற்பத்து நாலு வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கின்றன.

அறுவை சிகிச்சை அன்று காலை ஒரு நர்ஸ் பேனாவோடு வந்தாள். எந்தக் கால் என்று தோலிலேயே குறி போட்டுவிடுவார்களாம். கால்மாட்டில் நின்றிருந்த குமாஸ்தா மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

"பேனாவ அவன்கிட்ட கொடும்மா" என்றார் பீரங்கி. வார்டு முழுக்கக் கேட்டது.

"அதெல்லாம் நாங்கதான் போடணும் ஐயா."

"நீயும் போடு. முதல்ல அவன் போடட்டும்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். குமாஸ்தா வாங்கிக்கொண்டார். கால்மாட்டில் நின்றபடியே குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார். பீரங்கியின் தோளுக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றார். தன் வலது தொடையைத் தானே ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டார். இன்னொரு தடவையும் தட்டினார்.

"நல்லாப் பாத்துக்கோடா, அவசரமில்ல" என்றார் பீரங்கி. "இவ்வளவு நாள் பொறுத்தவன்தானே நான்."

குமாஸ்தா எட்டிக் குனிந்து, வலது முட்டிக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போட்டார். அதற்குக் கீழே பழக்கதோஷத்தில் தன் சுழியையும் போட்டுவிட்டார். நர்ஸ் தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், சரி என்று தன் குறியையும் போட்டாள்.

"இவரு யாருங்க, உங்க சொந்தமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் பீரங்கி. "துணைக்கு வந்தவன்."